ஏழாவது மரத்தடி

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நேற்று பள்ளி நூலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. நூலக மேடம் என்னைக் கூப்பிட்டு, "உன் கார்டுல எடுத்த புத்தகத்தை யாரோ தபால்ல அனுப்பியிருக்காங்க. இதென்ன புதுப் பழக்கம்?" என்றார். ஏப்ரலில் நீ வீட்டை விட்டுப் போனபோது உன் பையோடு போய்விட்ட பூச்சிகள் புத்தகம்தான். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. நூலகத்துக்குச் சேர வேண்டியதை ஒழுங்காகச் சேர்த்துவிட்டாய், எனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஆனால் உறையின் பின்பக்கம் உன் கையெழுத்தில் அனுப்புநர் முகவரி இருந்தது. மேடம் அதைக் குப்பைக்கூடையில் போடுவதற்குள் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. முதலிலேயே இதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதைத்தான் முதலில் நினைப்பாய்.

வீட்டில் எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ யாருடைய போனிலிருந்தோ பேசும் அந்த ஒரு நிமிடத்துக்காக அம்மா காலையிலிருந்தே தையல் மெஷினை ஓட்டுவதில்லை. மணி அடிப்பது கேட்காமல் போய்விடுமாம். அப்பா அந்த நேரம் பார்த்துத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிறார். ஆனால் தண்ணீர் விழும் சத்தம் கேட்பதில்லை.

போன அக்டோபரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிரேன் ஓட்டப் படிக்கப் போகிறேன், ஆறு மணி பஸ் என்று நீ என்னிடம் மட்டும்தான் சொன்னாய். ஐந்தரை மணிக்கு அப்பாவை எழுப்பியது நான்தான். நான் நல்லதுக்குத்தான் செய்தேன். அப்பா சாரத்திலிருந்து விழுந்தபோது எனக்கு ஆறு வயது. அவர் மறுபடி நடக்க ஒரு வருடம் ஆனது. பெயின்ட் அடித்த கையால் இன்று கடையில் பெயின்ட் கலக்கிக்கொண்டிருக்கிறார். நீயும் உயரத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன். தங்கை என்றால் நினைக்கத்தானே செய்வாள்.

மற்றபடி எனக்கு ஓர் ஆராய்ச்சி கிடைத்திருக்கிறது! பள்ளிக்குப் பின்னால் பதினொரு பாக்கு மரங்கள் வரிசையாக நிற்கின்றன அல்லவா? அதில் பறக்கும் ஓணான்கள் இருக்கின்றன. ஐந்து வருடம் அந்தப் பக்கமாகவே நடந்திருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. மரப்பட்டையும் அதுவும் ஒரே நிறம். ஒரு நாள் பட்டையிலிருந்து திடீரென்று ஒரு மஞ்சள் கொடி நீட்டியது, மடங்கியது, மறுபடி நீட்டியது. ஆண் ஓணானின் தொண்டைத் தோல் அது. 'இந்த மரம் என்னுடையது' என்று அறிவிப்பு. மூன்று முதல் ஆறு வரை நான்கு மரங்கள் அவருடையவை. அவருக்குக் 'கொடிக்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். மரங்களுக்குச் சாக்பீஸால் எண் போட்டு, பார்ப்பதையெல்லாம் வழக்கம்போல் நோட்டில் குறித்துவருகிறேன். தோட்டக்காரர், "என்ன புரொஃபசர், மரத்துக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

பதில் எழுது. நூலகத்தின் பெயருக்கு எழுதினால் மேடம் என்னிடம் கொடுப்பார்.

உன் தங்கை


ஜூன் 20

அடியே நோட்டு,

கடிதம் வந்தது. முகவரி உன்னோடு இருக்கட்டும். யாருக்காவது தெரிந்தது என்று எனக்குத் தெரிந்தால் இதுவே கடைசிக் கடிதம். மிரட்டல் என்றே வைத்துக்கொள்.

'நல்லதுக்குத்தான்' என்ற வார்த்தையை இன்னொரு முறை எழுதாதே. அதைப் படித்ததும் கடிதத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தேன். அதுவும் ஓணானுக்காக.

நான் நன்றாக இருக்கிறேன். பயிற்சியில் பதினெட்டு பேர், பெண் நான் ஒருத்தி. முதல் ஒரு மாதம் தரையிலேயே பொம்மைக் கேபினில் உட்கார வைத்தார்கள். இப்போது வாத்தியார் கூட வர, மேலே ஏறுகிறேன். நூற்று எழுபத்திரண்டு படி, ஏணிப் படி. காலையில் ஏறினால் மதியம்தான் இறக்கம். கீழே இருப்பவர்களின் முகம் தெரியாது, தலைக்கவசத்தின் நிறம் மட்டும் தெரியும். மஞ்சள் என்றால் சிக்னல் கொடுப்பவர். உன் கொடிக்காரர் மாதிரி.

ஒரு சந்தேகம். மரத்துக்கு மரம் தாவும்போது அது எதைப் பிடித்துக்கொள்ளும்? நடுவில் காற்றுதானே இருக்கிறது?

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

உன் சந்தேகத்துக்குப் பதில்: தன்னையே பிடித்துக்கொள்ளும்! உண்மையாகத்தான். அதன் இறக்கை பறவையின் இறக்கை போல அல்ல. விலா எலும்புகள் பக்கவாட்டில் நீண்டு, அவற்றின்மேல் தோல் மூடி, குடை மாதிரி விரியும். குதித்தவுடன் முன்னங்கால்களைப் பின்னால் கொண்டுபோய் அந்தத் தோலின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நாம் சைக்கிளில் சரிவில் இறங்கும்போது துப்பட்டாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கத்துவோமே, அப்படி. இறங்கும் மரத்தில் எப்போதும் தலை மேலே பார்க்கத்தான் வந்து ஒட்டும். ஆனால் கிளம்பிய உயரத்தைவிடத் தாழ்வாகத்தான் வந்து சேரும். அதனால் ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் மறுபடி ஏற வேண்டும். நாள் முழுவதும் இதுதான்: ஏறு, குதி, ஏறு. நடுநடுவே எறும்பு. எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தியில் பரிமாறுவதுபோல் ஒவ்வொன்றாக வர வர நக்கிக்கொள்ளும். எழுந்து போய்த் தேடும் வேலையே இல்லை.

பெண் ஓணான் ஒன்று இருக்கிறது. இடது இறக்கையின் ஓரத்தில் சிறிய கிழிசல், அதனால் அதன் பெயர் 'ஒட்டுத்துணி'. அதைப் பற்றித்தான் பெரிய செய்தி.

போன செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் ஒட்டுத்துணி தரையில் கிடந்தது! ஏழாவது மரத்தடியில், குழாய் ஒழுகும் இடத்தில். மரத்தில் வாழும் பிராணி தரையில் கிடந்தால் என்ன அர்த்தம்? இறக்கை கிழிந்ததால் தாவல் தவறி விழுந்துவிட்டது. வயிறு வேறு வீங்கியிருந்தது, விழுந்ததில் அடி பட்டிருக்க வேண்டும். பூனை வந்தால் முடிந்தது கதை. கைக்குட்டையால் மெதுவாக எடுத்து மரத்தில் ஒட்டவைத்தேன். அது இரண்டு முழம் ஏறியது, நின்றது.

மாலை மணி அடித்ததும் ஓடிப் போய்ப் பார்த்தால் மறுபடி தரையில். பலவீனம் என்று நினைத்தேன். மறுபடி எடுத்து, எட்டாவது மரத்தில் விட்டேன். புதன்கிழமை காலையிலும் அப்படியே. இந்த முறை தோட்டக்காரரின் ஏணியைக் கேட்டு வாங்கி, நன்றாக உயரத்தில், வரிசையின் கடைசி மரத்தில் கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகு அது கீழே விழவில்லை.

ஓர் உயிரை மூன்று தடவை காப்பாற்றியிருக்கிறேன், அக்கா. அறிவியல் டீச்சர் வகுப்பில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அறிவியல் கண்காட்சிக்கு இதையே எழுதச் சொல்லியிருக்கிறார்.

உன் தங்கை


ஜூலை 21

நோட்டு,

உடனே எழுதாததற்கு வேலை காரணம் இல்லை.

பஸ்ஸில் நடந்தது உனக்குத் தெரியாது, நீ வெளியே நின்றாய். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்து ஏறினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன், முப்பது பேர் வேடிக்கை பார்த்திருப்பார்கள், பஸ்ஸும் கிளம்பியிருக்கும். அவர் என் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார், அவ்வளவுதான். சான்றிதழ் எல்லாம் அதில் இருந்தது. பை போன பிறகு நான் எங்கே போக? இறங்கும்போது எதிர்க்கடை ஓரத்தில் உன்னைப் பார்த்தேன், காலில் செருப்பு கூட இல்லாமல். அப்போதே புரிந்துவிட்டது. அந்தப் பயிற்சியில் பெண்களுக்கு இரண்டே இடம். மறுநாள் என் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்த சேர்க்கைக்கு ஆறு மாதம், அதுவும் வேறு ஊரில்.

அந்த ஆறு மாதமும் நான் வீட்டில் எப்படி இருந்தேன் என்று நீ பார்த்தாய். ஒருநாள் அம்மா உன்னிடம் என்ன சொன்னாள்? "அவளை நீதான் காப்பாத்துனே"ன்னு. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஓணானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. புத்தகம் படிக்கிறவள் நீ. ஒன்றே ஒன்று கேட்கிறேன், உன் நோட்டைப் பார்த்துப் பதில் சொல். மூன்று தடவையும் அது அதே இடத்தில்தான் இருந்ததா?

அக்கா


ஜூலை 28

அக்கா,

நோட்டைப் பார்த்தேன்.

செவ்வாய் மதியம்: 'ஏழாவது மரம், தெற்குப் பக்கம், குழாயடி ஈர மண்.' செவ்வாய் மாலை: 'ஏழாவது மரம், தெற்குப் பக்கம், குழாயடி ஈர மண்.' புதன் காலையும் அதே வரி. கையெழுத்துக்கூட ஒரே மாதிரி. எழுதியது நான்தான், படித்ததும் நான்தான், எனக்கு உறைக்கவில்லை. தாவல் தவறி விழுகிற ஒன்று மூன்று தடவையும் ஒரே இடத்தில் எப்படி விழும்? அதுவும் வேறு மரத்தில் ஏற்றிவிட்ட பிறகு?

இடைவேளையில் நூலகத்துக்குப் போய், மேல் தட்டிலிருக்கும் தடித்த புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னேன். நான் தேடியது நானூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அந்த ஓணானின் வாழ்க்கை முழுவதும் மரத்தில்தான். பெண் தரைக்கு இறங்குவது ஒரே ஒரு காரியத்துக்கு. ஈரமான, இளகிய மண்ணாகப் பார்த்து, மூக்கால் குழி தோண்டி, முட்டையிட்டு மூடுவதற்கு.

வயிறு வீங்கியிருந்தது அடி பட்டதால் அல்ல.

அது விழவே இல்லை, அக்கா. இறங்கி வந்தது. அதற்குத் தரையில் எவ்வளவு பயமாக இருந்திருக்கும்! வாழ்நாளில் எப்போதாவது ஒருதரம் கால் வைக்கிற இடம். அப்படியும் வந்தது. நான் தூக்கி மேலே போட்டேன். மறுபடி வந்தது. மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை ஏணி வாங்கிக்கொண்டு வந்து போட்டேன்.

அந்த முட்டைகள் என்ன ஆயின என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வேறு எங்காவது இட்டிருக்கலாம். அடக்கி வைக்க முடியாமல் காய்ந்த மண்ணில் உதிர்த்திருக்கலாம். எனக்குத் தெரியப் போவதில்லை.

கண்காட்சிக்கு எழுதியதைத் திரும்ப வாங்கிவிட்டேன். டீச்சர், "எதுக்கும்மா? நல்லாத்தானே இருக்கு?" என்றார். "தப்பா இருக்கு மிஸ்" என்றேன். "கைதட்டலைத் திருப்பி வாங்க முடியாதே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

போன அக்டோபரில் நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு, எந்த பஸ் என்பதும் தெரியும். எதற்காகக் கிரேன் ஓட்டப் போகிறாய் என்று மட்டும் நான் கேட்கவே இல்லை. கேட்காமலே அப்பாவை எழுப்பினேன். மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

இப்போது கேட்கிறேன். எதற்கு, அக்கா?

உன் தங்கை


ஆகஸ்ட் 10

அடியே நோட்டு,

கடிதத்தின் ஓரத்தில் மை கரைந்திருக்கிறது. அழுதுகொண்டே எழுதினால் ஒரு தாளையாவது கீழே வைத்துக்கொள்.

மன்னிப்பு என்றெல்லாம் எனக்குப் பேச வராது. அந்த ஆறு மாதத்தை உன்னால் திருப்பித் தர முடியாது, அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நோட்டைத் திறந்து பார்க்கச் சொன்னால் பார்த்தாய். பார்த்ததை மறைக்காமல் எழுதினாய். நம் வீட்டில் அதைச் செய்த முதல் ஆள் நீதான்.

எதற்கு என்று கேட்டாய். இதுவரை யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா விழுந்த அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அவருக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அவர் தரை வரை விழவில்லை, நான்காவது தளத்தில் வெளியே நீண்டிருந்த சிமென்ட் பலகையில் விழுந்து கிடந்தார். மாடிப்படி இன்னும் கட்டியிருக்கவில்லை, அவர் விழுந்ததில் சாரமும் சரிந்துவிட்டது. மேலே ஏறவும் வழியில்லை, இறக்கவும் வழியில்லை. கீழே பத்துப் பேர் பத்து விதமாகக் கத்தினார்கள். அப்போது பக்கத்துக் கட்டடத்தின் கிரேன் மெதுவாகத் திரும்பியது. கொக்கியில் இரும்புக் கூடை, கூடையில் இரண்டு பேர். அவர்கள் அப்பாவைப் படுக்கவைத்தார்கள். அந்தக் கூடை கீழே வந்தது பார், ஒரு பக்கம் ஆடவில்லை, சாயவில்லை. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துப் பாயில் விடுவதுபோல் மண்ணில் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கூடையைச் சுற்றி ஓடினார்கள். நான் மேலே பார்த்தேன். கண்ணாடிக் கேபினில் ஒரு ஆள், ஒரு சட்டை, அவ்வளவுதான் தெரிந்தது. அவர் முகத்தை யாருமே பார்க்கவில்லை. அப்பாவுக்கு நினைவே இல்லை.

அதற்குத்தான்.

இப்போது அந்த வித்தை கொஞ்சம் கைக்கு வருகிறது. சுமை ஊஞ்சலாடினால் எதிர்ப்பக்கம் இழுக்கத்தான் கை துடிக்கும். இழுத்தால் இன்னும் ஆடும். அது போகிற பக்கமே கூடப் போனால் அடங்கிவிடும். இன்னொன்று கேள், உன் நோட்டில் எழுதிக்கொள். வேலை முடிந்து இறங்கும்போது கிரேனின் நீண்ட கையைப் பிரேக் போட்டுப் பிடித்து வைக்கக் கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் அது தானாகத் திரும்பிக்கொள்ளும்படி விட்டுவிட வேண்டும். பிடித்து வைத்தால்தான் விழும். இதை முதல்நாள் சொன்னபோது பதினெட்டுப் பேரும் நம்பவில்லை.

செப்டம்பர் 14 எனக்குத் தேர்வு. வாத்தியார் கூட வர மாட்டார். தனியாக ஏறி, தனியாக இறக்க வேண்டும். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மறுபடியும்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

இதை நிதானமாகப் படி. பயப்படும்படி ஆரம்பிக்கும், ஆனால் பயப்பட வேண்டாம்.

புதன்கிழமை கடைசி மணி அடித்தபோது மழை விட்டிருந்தது. ஒட்டுத்துணி ஏழாவது மரத்தில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு அடி இறங்கும், நிற்கும், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். வயிறு பெரிதாக இருந்தது. நான் பத்தடி தள்ளி, என் பையின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அது தரைக்கு வந்து, மூக்கை மண்ணில் குத்தித் தலையை ஆட்டி ஆட்டித் தோண்டியது. கோழி கிளறுவதுபோல் காலால் அல்ல, மூக்கால்! முகமெல்லாம் சேறு. தோட்டக்காரர் சருகு வாரும் துடைப்பத்தோடு வந்தார். "கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்றேன். "என்ன புரொஃபசர், இன்னைக்கு ஏணி வேணாமா?" என்றார். "இன்னைக்கு ஒண்ணுமே வேணாம்ணே. யாரும் கிட்ட வராம இருந்தாப் போதும்." அவர் துடைப்பத்தைத் தலைகீழாக ஊன்றி, வேலிக் கம்பம் மாதிரி அந்தப் பக்கம் நின்றுகொண்டார். விளையாட வந்த பிள்ளைகளை "பாம்பு இருக்கு, போங்க" என்று விரட்டிவிட்டார். இது ஆராய்ச்சி முறையா என்று தெரியவில்லை, ஆனால் பலன் தந்தது.

நேரம் போனது தெரியவில்லை. ஐந்தே முக்காலுக்கு அப்பா வந்தார். நான் வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா அனுப்பியிருக்கிறாள். பெயின்ட் கறை படிந்த சட்டையோடு, காலை இழுத்துக்கொண்டு, தூரத்திலேயே, "மணி என்னன்னு தெரியுமா?" என்று சத்தம் போட்டார். நான் உதட்டில் விரல் வைத்தேன். அப்பாவிடம் அப்படிச் செய்தது என் வாழ்க்கையில் முதல் தடவை. அவர் என்ன நினைத்தாரோ, பேசாமல் வந்து, ஒரு காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னது அது?"

"ஓணான்ப்பா. முட்டையிட வந்திருக்கு."

"மரத்துமேல கூடு கட்டாதா?"

"கட்டாதுப்பா. இதுக்காக மட்டும் இறங்கி வரும்."

"பூனை கீனை வந்தா?"

"வரலாம். தெரிஞ்சுதான் வருது."

அது முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் தட்டித் தட்டிச் சமன் செய்தது. அதைப் பார்த்து அப்பா, "சுவருக்குப் பட்டி பூசற மாதிரில்ல பூசுது" என்றார். கொஞ்சம் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"உனக்கு லெட்டர் வருதுன்னு நூலகத்து மேடம் சொன்னாங்க. எங்க இருக்கா அவ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். சொல்ல வரவில்லை.

"தெரியும்ப்பா. சொல்ல மாட்டேன்."

"நான் உன் அப்பன்டி."

"தெரியும்ப்பா. போன தடவை சொல்லிட்டேன். எங்கன்னு சொன்னேன். எதுக்குன்னு சொல்லல, ஏன்னா எனக்கே தெரியாது. இப்ப எங்கன்னு சொல்ல மாட்டேன். எதுக்குன்னு வேணா சொல்றேன்."

சொன்னேன், அக்கா. நான்காவது தளம், இரும்புக் கூடை, கண்ணாடிக் கேபின், எல்லாம். உன்னிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன். அதற்காக நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். முகவரியையும் தேதியையும் சொல்லவில்லை.

அப்பா மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னை இறக்குனது கிரேனா?" என்று கேட்டார். எட்டு வருடமாக, பக்கத்துச் சாரத்தில் இருந்தவர்கள்தான் தூக்கி வந்தார்கள் என்று நினைத்திருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "அன்னைக்கு என் பெல்ட்டுல ஒத்தைக் கொக்கி. இடம் மாறணும்னு கழட்டுனேன். அடுத்த கம்பியில மாட்டறதுக்குள்ள கால் வழுக்கிடுச்சு. அவ ஏணியில ஏறுறப்போ பெல்ட்டுல கொக்கி ஒண்ணா ரெண்டான்னு எழுதிக் கேளு."

கேட்டுவிட்டேன். பதில் எழுது.

ஒட்டுத்துணி அன்று ராத்திரி அங்கேயே இருந்திருக்க வேண்டும். வியாழன் காலை ஏழு மணிக்கு நான் போனபோது மரத்தடியில் முட்டைக்குக் காவல் இருந்தது. மதியம் பார்த்தபோது இல்லை. ஒரு நாள் காவல், பிறகு மேலே போய்விடும் என்றுதான் புத்தகத்திலும் இருக்கிறது. குஞ்சுகள் வெளியே வந்தவுடன் தாமாக ஏற வேண்டியதுதான். நான்கு குச்சி நட்டு நூல் கட்டியிருக்கிறேன்.

உன் தங்கை


செப்டம்பர் 15

அடியே நோட்டு,

நீ சொன்னதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. மறுபடி என்னைக் கேட்காமல் வாயைத் திறந்துவிட்டாய். விடுதி மாடியில் இரண்டு சுற்று நடந்தேன். மூன்றாவது சுற்றில்தான் நினைத்தேன்: எட்டு வருடமாக நான் சொல்லியிருக்க வேண்டியது அது. உன் தலையில் போட்டுவிட்டு உன்னையே திட்டுகிறேன். போகட்டும்.

நேற்றுத் தேர்வு முடிந்தது. ஏறும்போது நூற்று எழுபத்திரண்டு படியும் எண்ணினேன். கேபின் கதவைச் சாத்தியதும் பக்கத்துச் சீட்டு காலி. உன் ஓணான் இரண்டு அடி இறங்கி நின்று பார்க்கும் என்று எழுதினாயே, அதேபோல் நானும் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தேன். பிறகு தூக்கினேன். ஒரு தண்ணீர்த் தொட்டி, விளிம்பு வரை தண்ணீர். சிந்தாமல் அந்தப் பக்கத்தில் வைக்க வேண்டும். கீழே மஞ்சள் தலைக்கவசம் கையைத் தூக்கிக் காட்டியது. தொட்டியைச் சுற்றி மண் காய்ந்திருந்ததா என்று இறங்கியதும் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் நனைந்திருந்தது. தேர்ச்சிதான், ஆனால் அந்த நனைந்த இடம் என் கண்ணிலேயே நிற்கிறது.

அப்பாவிடம் சொல்: இரண்டு. எப்போதும் இரண்டு கொக்கி. மேலே இருக்கும் கம்பியில் ஒன்றை மாட்டிய பிறகுதான் கீழே இருப்பதைக் கழற்றுவோம். ஒரு நொடி கூட எதிலும் மாட்டாமல் இருப்பதில்லை. நூற்று எழுபத்திரண்டு படியிலும் அப்படித்தான். அலுப்பாக இருக்கும், ஆனாலும் செய்வேன் என்று சொல்.

அக்டோபர் கடைசியில் நான்கு நாள் விடுமுறை. வருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போன தடவை பஸ்ஸில் நடந்தது போல இன்னொரு தடவை நடந்தால் என்னால் தாங்க முடியாது. நீயே யோசித்துச் சொல். இந்தத் தடவை உன்னைத்தான் கேட்கிறேன்.

அக்கா


அக்டோபர் 15

அன்புள்ள அக்கா,

நேற்றுக் காலை நூலுக்குள் மண் பிளந்திருந்தது. ஐந்து முட்டையில் நான்கு பொரித்திருக்கின்றன, ஒன்று சுருங்கிப் போயிருந்தது. குஞ்சு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மண்ணிலிருந்து தலையை நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்து, நேராக மரத்துக்கு ஓடியது. யாரும் வழி காட்டவில்லை. மூன்றாவது குஞ்சு என் காலணியை மரம் என்று நினைத்து ஏறிவிட்டது. எடுத்து மரத்தில் விட வேண்டும் போலக் கை பரபரத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். அதுவே இறங்கி, ஏழாவது மரத்துக்குப் போய்விட்டது.

கண்காட்சிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று தடவை தூக்கிப் போட்டதும் அதில் இருக்கிறது. தலைப்புக்கு என்ன வைப்பது என்று டீச்சர் கேட்டதற்கு, 'ஒரு பிழையும் சில கவனிப்புகளும்' என்றேன்.

உன் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று இத்தனை நாள் யோசித்தேன். 'வா' என்று எழுதினால் உன்னை இழுத்ததாகும், 'வராதே' என்று எழுதினால் தடுத்ததாகும். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் "ரெண்டு" என்று சொன்னேன். ஒன்றை மாட்டிய பிறகுதான் இன்னொன்றைக் கழற்றுவீர்கள் என்பதையும் சொன்னேன். அவர் இரண்டு கையையும் நீட்டி, காற்றில் ஒரு கையால் மாட்டி, மறு கையால் கழற்றிப் பார்த்தார். இன்னொரு தடவை செய்து பார்த்தார். "ம்" என்றார்.

போன ஞாயிறு நீ பேசியபோது அவர் துண்டை எடுக்கவில்லை, கவனித்தாயா? அம்மா ஏன் மூன்று நிமிடம் பேசினாள் என்று நினைக்கிறாய்? அவர்தான் பக்கத்தில் நின்று, "இன்னும் கேளு, இன்னும் கேளு" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

விடுமுறையைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. நேற்று மாலை குஞ்சுகளைப் பார்க்க அப்பா தானாகவே மரத்தடிக்கு வந்தார். கழுத்தை அண்ணாந்து ரொம்ப நேரம் தேடினார். ஒன்று எட்டாவது மரத்துக்குத் தாவியதைப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு இருந்துக்கிட்டு!" என்றார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவளுக்கு எழுது. லீவு விட்டா வரச் சொல்லு. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருவேன். திரும்பப் போறப்பவும் வருவேன். பையை நானே தூக்கி, பஸ்ல வச்சுட்டு, இறங்கிடுறேன்."

உன் தங்கை